பெயர் தேடிய பிணி

திருகோணமலைப் பட்டினத்திலிருந்து நிலாவெளிக்குச் செல்லும் பெருவீதியில் உப்புவெளியைக் கடந்து, சாம்பல்தீவை அடைந்து, அங்கிருந்து கடற்பக்கமாகத் திரும்பினால் சல்லி என்னும் மீனவர் ஊர் வரும். கடலோரத்து முத்துமாரியம்மன் கோவிலால் இவ்வூரின் பெயரை அறிந்தவர்கள் பலர். பொங்கல் விழா நாளில் அயலூர் மக்களும் பட்டினத்து மக்களும் அங்கே திரள்வார்கள். மற்றைய நாட்களில் சல்லி தன் தொழிலோடு இருக்கும் ஊர். கரைவலைக் கயிற்றைப் பற்றிப் பின்னோக்கி நடந்து நடந்து இழுப்பவனுடைய தோளும், மீன்கூடையைத் தலையிலேற்றி மணலிற் கால் புதைய நடப்பவளுடைய நாரியும் நோகாமல் இருக்க முடியாது. இத்தகைய ஊர்களில் உடல் நோவு யாருக்கும் புதிய செய்தியன்று.

அதனாலேயே போலும், ஈழத்துத் தமிழில் நோவைக் குறிக்கும் சொற்கள் அத்தனை வளமாக இருக்கின்றன. நோ என்பது பொதுப்பெயர். நாரியிலும் கை கால்களிலும் ஓயாமல் இருப்பது உளைவு. மூட்டிலே நிற்பது கடுப்பு. விலாவிலே திடீரெனப் பாய்வது குத்து. கழுத்திலே காலையில் வந்து தங்குவது பிடிப்பு. தோலின் கீழே எரிவு, விரல்களிலே விறைப்பு என்று இன்னும் பல உண்டு. வைத்தியரிடம் செல்கின்றவர் இவற்றுள் ஒன்றைச் சொல்லி, விரலால் ஓர் இடத்தையும் தொட்டுக் காட்டுவார். வைத்தியரும் அவ்விடத்தை அழுத்திப் பார்ப்பார். அங்கே ஒரு காரணம் இருக்கும், அல்லது இருப்பதாகத் தோன்றும்.

ஆனால் சிலர், பெரும்பாலும் பெண்கள், வைத்தியர் கேட்கும் கேள்விக்கு அப்படிப் பதில் சொல்வதில்லை. "எங்கே நோகிறது?" என்றால், "உடம்பெல்லாம்" என்பார்கள். "எப்போது தொடங்கியது?" என்றால், ஒரு காய்ச்சலையோ ஒரு சாவையோ நினைவுகூர்வார்கள். இரவிலே தூங்கினாலும் விடியும்போது அடித்துப் போட்டாற் போல எழும்புவதாகவும், முன்பு கையோட்டமாகச் செய்த வேலை இப்போது ஏலவில்லையென்றும், சொன்னது மறந்து போகிறதென்றும் கூறுவார்கள். இரத்தம் சோதிக்கப்படும், எலும்புகள் படம் பிடிக்கப்படும், யாவும் செவ்வையாக இருக்கும். இறுதியில் அவர்கள் கேட்பது "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்ற சொல். வீட்டாருக்கு அச்சொல்லிலிருந்து "வேலைக்கு அஞ்சுகிறாள்" என்ற முடிவுக்குப் போக ஒரு பாய்ச்சல் போதும். இன்று உலக வைத்தியம் பைப்ரோமயால்ஜியா என்று வழங்கும் பிணி இதுவே. நார், தசை, நோவு என்னும் மூன்று சொற்களை ஒட்டி ஆக்கிய பெயர் அது. அந்தப் பெயர் 1976ஆம் ஆண்டிலேதான் பிறந்தது; பிணியோ மிகப் பழையது. அதற்கிடைப்பட்ட காலத்தின் வரலாறு, காணமுடியாத நோவை மனிதர் எப்போது நம்பினார்கள், எப்போது நம்ப மறுத்தார்கள் என்பதன் வரலாறாகும்.

நம்முடைய பழைய வைத்தியம் இத்தகையோரைத் திருப்பியனுப்பவில்லை. நோவு என்றாலே அங்கு வாதம் நினைக்கப்படும். வாத நோய்கள் எண்பது என்பது ஆயுள்வேதத்துக்கும் சித்த வைத்தியத்துக்கும் பொதுவான கணக்கு. யூகிமுனிவர் பெயரால் வழங்கும் வைத்திய சிந்தாமணியும் எண்பது என்றே வகுக்கிறது. யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புபடுத்தப்படும் பரராசசேகரமும் செகராசசேகரமும் ஈழத்துப் பரியாரிமார் தலைமுறை தலைமுறையாகக் கையாண்டுவந்த நூல்கள். இந்த எண்பதுள் இன்றைய பைப்ரோமயால்ஜியாவுக்கு நேரானது எது என்று தேடுவது பயனற்ற வேலை. அவர்கள் பிரித்த முறை வேறு. பக்கவாதமும் அங்கே வாதந்தான், மூட்டுக் கடுப்பும் வாதந்தான். கவனிக்கத் தக்கது வேறொன்று. வாதம் கெடுவதற்குச் சரகர் கூறும் காரணங்களை எடுத்துப் பார்த்தால், வறண்டதும் அற்பமுமான உணவு, அளவுக்கு மீறிய உழைப்பு, நெடுவழி நடை, நோயால் உடல் தேய்தல் என்பவற்றோடு அளவிறந்த கண்விழிப்பு, கவலை, துயரம் என்பனவும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டிருக்கின்றன. உடலின் காரணம் ஒரு பக்கமும் மனத்தின் காரணம் மறுபக்கமுமாக அவர் பிரிக்கவில்லை. துயரத்தால் வந்த நோவு உழைப்பால் வந்த நோவைவிட மதிப்பிற் குறைந்தது என்றும் எங்கும் சொல்லவில்லை. இதைக் கொண்டு முன்னோர் யாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று மார்தட்டுவது முறையாகாது. காற்றுக் கெட்டது என்பது விளக்கமன்று, உவமை. ஆயினும் நோயாளியை நம்புவதற்கு அந்த உவமை போதியதாயிருந்தது.

ஐரோப்பியரும் ஓர் உவமையோடுதான் தொடங்கினார்கள். நாம் காற்று என்றதை அவர்கள் நீர் என்றார்கள். தலையிலிருந்து ஒரு தீய நீர் ஒழுகி இறங்கி உறுப்புக்களிலே தங்குகிறது என்பது கிரேக்கர் காலத்து எண்ணம். ஒழுகுதல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்தே ருமாட்டிசம் என்ற பெயர் வந்தது. மூட்டுக்களிலும் தசைகளிலும் வரும் நோவுக்கு அப்பெயரைச் சிறப்பாக உரிமையாக்கியவர் பாரிசு நகரத்து வைத்தியர் கியோம் தெ பையூ. அவருடைய நூல் அவர் இறந்து இருபத்தாறு ஆண்டுகளின் பின், 1642இல் வெளிவந்தது. அதன் பின்னர் மூட்டை வீங்கச் செய்து கெடுக்கும் வகை ஒன்று, மூட்டைத் தொடாது தசையிலே நோவும் வகை மற்றொன்று எனச் சிறிது சிறிதாகப் பிரிவு ஏற்பட்டது. தசை வகைக்குத் தசை ருமாட்டிசம் என்ற பெயர் நிலைத்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே வைத்தியத்தின் போக்கு மாறியது. பிணவறையிலே உடலை அறுத்து நோயின் இருப்பிடத்தைக் காணவேண்டும், நுண்காட்டியிலே அதன் உருவத்தைக் காணவேண்டும் என்ற உறுதி பிறந்தது. அந்த உறுதி வீண்போகவில்லை என்பதற்கு இலங்கையே சான்று தரும். அந்நூற்றாண்டின் தொடக்கத்தில் இத்தீவிலிருந்த பிரித்தானியப் படையினரை பெரிபெரி என்னும் நோய் வாட்டியது. கால்கள் கனத்து, மரத்து, நடை தளர்ந்து, பலர் மாண்டார்கள். தோமஸ் கிறிஸ்தி முதலிய படை வைத்தியர்கள் அதைப் பற்றி எழுதியபோது காரணம் யாருக்கும் தெரியாது. யாவாவிலே எய்க்மன் கோழிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி 1890களில் வழிகாட்ட, தீட்டிய அரிசியிலே இழக்கப்படும் ஓர் உயிர்ச்சத்தின் குறையே காரணம் என்று பின்னர் தெளிந்தது. காரணம் அறியப்படாத கால்நோவு ஒன்று காரணம் அறியப்பட்ட கால்நோவாக மாறிற்று. எல்லா நோவுக்கும் இப்படி ஒரு நாள் வரும் என்று வைத்தியர்கள் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

தசை ருமாட்டிசத்துக்கும் அந்த நாள் வந்துவிட்டதென்றே ஒருமுறை எண்ணினார்கள். எடின்பரோவிலே வில்லியம் பல்போர் என்பவர் 1816ஐ ஒட்டிய ஆண்டுகளில், இத்தகைய நோயாளிகளின் தசைகளிலே தொட்டால் நோகும் முடிச்சுக்கள் இருப்பதாகவும், தசையைப் போர்த்திய நார்ப்பகுதியின் அழற்சியே நோவுக்குக் காரணமென்றும் எழுதினார். 1904ஆம் ஆண்டில் இலண்டனிலே புகழ்பெற்ற நரம்பு வைத்தியர் வில்லியம் கவர்ஸ், நாரிப் பிடிப்பைப் பற்றிய ஒரு விரிவுரையிலே, நார் அழற்சி என்று பொருள்படும் பைப்ரோசைட்டிஸ் என்ற பெயரை வழங்கினார். அவ்வாண்டிலேயே கிளாஸ்கோவில் ரல்ப் ஸ்ரொக்மன், இத்தகைய முடிச்சுக்களை வெட்டியெடுத்து நுண்காட்டியிற் பார்த்து அழற்சியைக் கண்டதாக அறிவித்தார். பெயரும் கிடைத்தது, சான்றும் கிடைத்தது. முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு ஆங்கிலேய வைத்தியர் அப்பெயரைத் தாராளமாக வழங்கினார்கள்.

ஆனால் பின்வந்தோர் அதே முடிச்சுக்களைத் தேடி எடுத்து நோக்கியபோது அழற்சி என்று சொல்லத்தக்கது எதுவும் அகப்படவில்லை. ஸ்ரொக்மன் கண்டதைப் பின்னர் யாரும் உறுதிப்படுத்தவில்லை. சான்று போனது, பெயர் மட்டும் நின்றது. வைத்திய வரலாற்றிலே இது அரிய நிகழ்ச்சியன்று. எனினும் இதன் விலையை வைத்தியர்கள் கொடுக்கவில்லை, நோயாளிகள் கொடுத்தார்கள். அழற்சி உண்டென்று நம்பியபோது நோயும் உண்மை என்று கருதப்பட்டது. அழற்சி இல்லையென்று கண்டதும், நோயே இல்லையோ என்ற ஐயம் எழுந்தது.

அந்த ஐயத்துக்கு உரம் ஊட்டியது இரண்டாம் உலகப் போர். 1942ஆம் ஆண்டு ஏப்ரில் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீது குண்டு வீசின. பட்டினத்து மக்கள் உள்நாட்டுக்கு ஓடியதைப் பழையவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அப்போர்க் காலத்திலே உலகெங்கும் இராணுவ ஆஸ்பத்திரிகளுக்கு மூட்டுநோவு, தசைநோவு என்று வந்த படைவீரருள் பலரிடம் வைத்தியர்கள் எவ்வித உடற்குறையையும் காணவில்லை. 1943இல் அமெரிக்க இராணுவ வைத்தியர்களான போலண்டும் கோரும் இதற்கு மனத்தாற் பிறந்த ருமாட்டிசம் என்று பெயரிட்டார்கள். போர்முனையின் அச்சமும் குடும்பப் பிரிவும் உடலிலே நோவாகத் தோன்றலாம் என்பது மறுக்கக்கூடிய கருத்தன்று. தவறு எங்கே நேர்ந்ததென்றால், மனத்தாற் பிறந்தது என்ற சொல் பாசறையைவிட்டு வெளியேறி, பொய்யானது என்ற பொருளைப் பெற்றுக்கொண்டு, போருக்குப் பின்னர் சாதாரண மருந்துச்சாலைகளுக்குள் நுழைந்தபோதுதான். சரகர் ஒரே வரிசையில் வைத்த உழைப்பும் துயரமும் இங்கே இரண்டு வரிசைகளாகப் பிரிந்தன. ஒன்று கௌரவமான காரணம். மற்றையது வெட்கப்படவேண்டிய காரணம். படைவீரனுக்காக ஆக்கப்பட்ட அந்தச் சொல் பின்னர் அதிகமாக வந்து விழுந்தது வீட்டுப் பெண்களின் தலையிலேதான்.

திருப்பம் தூக்கத்தின் வழியாக வந்தது. கனடாவின் டொரொன்டோ நகரிலே ஹார்வி மொல்டோவ்ஸ்கி, ஹியூ ஸ்மைத் என்னும் இருவர் 1975இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். இத்தகைய நோயாளிகள் உறங்கும்போது மூளையின் மின்னலைகளைப் பதிந்து பார்த்ததில், ஆழ்ந்த உறக்கத்துக்குள்ளே விழிப்பின் அலைகள் ஊடுருவியிருப்பதைக் கண்டார்கள். அதாவது, கண் மூடியிருக்க மூளையின் ஒரு பகுதி காவல் இருந்துகொண்டிருந்தது. அதன்பின் அவர்கள் செய்தது இன்னும் சுவையானது. நல்ல சுகதேகிகள் சிலரை உறங்கவைத்து, எழுப்பிவிடாமல், ஆழ்ந்த உறக்கம் வருந்தோறும் ஒலியெழுப்பி அதை மட்டும் கலைத்தார்கள். சில இரவுகளில் அந்தச் சுகதேகிகளும் உடம்பெல்லாம் நோகிறதென்று முறையிட்டார்கள். தொட்ட இடம் நொந்தது. உறக்கத்தைத் திரும்பக் கொடுத்ததும் நோவு நீங்கியது. தசையிலே எதுவும் கெடாமல், மூளையின் ஓய்வைக் கெடுத்த அளவிலேயே தசைநோவை உண்டாக்க முடியும் என்பது அன்று வெளியாயிற்று. இதைச் சல்லி போன்ற ஊரிலே யாரிடமும் விரித்துக் கூறத் தேவையில்லை. நடுச்சாமத்தில் தோணி புறப்படுகிறது. வீட்டிலிருப்பவள் காற்றின் ஓசைக்குக் காது கொடுத்தபடியே விடியும்வரை கிடக்கிறாள். கடலை நம்பி வாழ்கின்ற வீட்டிலே உறக்கம் பாதி காவலாகவே இருந்துவந்திருக்கிறது.

அடுத்த ஆண்டிலே அமெரிக்க வைத்தியர் பிலிப் ஹென்ச், அழற்சியைக் குறிக்கும் ஈற்றை நீக்கி, நோவைக் குறிக்கும் ஈற்றைச் சேர்த்து, பைப்ரோமயால்ஜியா என்ற பெயரை முன்மொழிந்தார். (கோர்ட்டிசோன் ஆராய்ச்சிக்காக 1950இல் நோபெல் பரிசு பெற்ற ஹென்ச் இவருடைய தந்தையார். தந்தை அழற்சியை அடக்கும் மருந்தைத் தந்தார். மைந்தர் அழற்சியே இல்லாத ஒரு நோய்க்குப் பெயர் தந்தார்.) 1981இல் முகமது யூனுசும் அவருடைய கூட்டாளிகளும் ஐம்பது நோயாளிகளையும் ஐம்பது சுகதேகிகளையும் அருகருகே வைத்து ஆராய்ந்து, இந்நோயின் குறிகள் தற்செயலாகச் சேர்ந்தவையல்ல, ஒரு கூட்டமாகவே வருகின்றவை என்று காட்டினார்கள். 1990இல் அமெரிக்க ருமாட்டிச வைத்தியர் கழகம் ஓர் இலக்கணம் வகுத்தது. உடலிலே பதினெட்டுக் குறித்த இடங்களை நான்கு கிலோகிராம் அளவான விசையோடு விரலால் அழுத்தவேண்டும், பதினொன்றிலாவது நோகவேண்டும், பரந்த நோவு மூன்று மாதங்களுக்குக் குறையாமல் நீடித்திருக்கவேண்டும். பதினொரு இடம் நொந்தவர் நோயாளி, பத்து இடம் நொந்தவர் நோயாளியல்லர் என்ற இந்தக் கணக்கை எள்ளி நகையாடியவர்கள் உண்டு. அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் "ஒன்றுமில்லை" என்ற சொல்லுக்கு எதிராக ஒரு வைத்தியர் எடுத்து வைக்கக்கூடிய முதற் கணக்கு அதுவாகவே இருந்தது.

இந்நோயிலே வகைகள் உண்டா என்று பலரும் வினவுவர். ஒருகாலத்தில் இரண்டு வகை சொல்லப்பட்டன. வேறெந்த நோயும் இல்லாதவரிடம் தனித்து வருவது முதல்வகை. மூட்டு வாதம், லூபசு முதலிய நோயுள்ளவரிடம் அவற்றோடு கூடி வருவது இரண்டாம் வகை. இந்தப் பிரிவை 1990ஆம் ஆண்டின் இலக்கணமே கைவிட்டது. இரண்டிடத்திலும் நோவின் இயல்பு ஒன்றாகவே காணப்பட்டது. பின்னர் 2003இல் தொண்ணூற்றேழு நோயாளிகளை ஆராய்ந்தவர்கள் வேறொரு முறையாக மூன்று கூட்டம் கண்டார்கள். ஒரு கூட்டத்தாரிடம் மனச்சோர்வும் மிகுதி, அழுத்தத்துக்கு உடல் நோவதும் மிகுதி. இன்னொரு கூட்டத்தாரிடம் மனச்சோர்வு நடுத்தரம், அழுத்தத்துக்கு உடல் நோவது குறைவு. மூன்றாம் கூட்டத்தாருக்கோ உடல் மிகக் கடுமையாக நோகிறது. மனமோ தெளிவாக இருக்கிறது. இந்த மூன்றாம் கூட்டத்தின் இருப்பு ஒன்றே, இது மனத்தளர்ச்சியின் மறுபெயர் என்ற வாதத்தை வலுவிழக்கச் செய்யும். எனினும் இவை நோயாளிகளின் வகைகளே. நோயின் வகைகளென்று உறுதியாகச் சொல்ல இன்னும் இடமில்லை.

காரணத்தைக் குறித்தும் அப்படியே. ஒற்றைக் காரணம் ஒன்று இல்லை. வாசல்கள் பல இருக்கின்றன. குடும்ப வழி ஒன்று: நோயாளியின் தாய், சகோதரி, மகள் முதலிய நெருங்கிய உறவினரிடம் இந்நோய் காணப்படும் வாய்ப்பு மற்றவர் குடும்பங்களைவிட ஏறத்தாழ எட்டு மடங்கு என்று ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. விபத்தும் காயமும் மற்றொரு வாசல். எஞ்சிய இரண்டு வாசல்களாகிய காய்ச்சலும் துயரமும் திருகோணமலை மாவட்டத்து மக்களுக்கு மிக அண்மையில் திறந்தவை.

தங்கனீக்காவிலே 1952இல் முதன்முதல் அறியப்பட்ட சிக்குன்குன்யா என்ற காய்ச்சலின் பெயருக்கு, மக்கொண்டே மொழியிலே வளைந்து கூனச் செய்வது என்பது பொருள். 1960களின் நடுவில் சென்னையிலும் இலங்கையிலும் தலைகாட்டிய அந்நோய், நாற்பதாண்டுகள் மறக்கப்பட்டுக் கிடந்து, 2006ஆம் ஆண்டின் இறுதியிலே திரும்பி வந்தது. திருகோணமலையும் மட்டக்களப்பும் கல்முனையும் யாழ்ப்பாணமும் ஒருங்கே படுத்தன. காய்ச்சல் சில நாளில் நீங்கியது. நோவு பலரிடம் நீங்கவில்லை. தமிழ் வழித்தோன்றல்கள் பலர் வாழும் றியூனியன் தீவிலே 2005, 2006ஆம் ஆண்டுகளில் மக்களுள் மூன்றிலொரு பங்கினரை அக்காய்ச்சல் பிடித்தது. அங்கே பின்தொடர்ந்து பார்த்த வைத்தியர்கள், ஆண்டுகள் கழிந்தும் மூட்டும் தசையும் நோகின்றவர்களைக் கண்டார்கள். அவர்களுள் சிலரிடம் மூட்டு வீக்கமில்லை, அழற்சியில்லை. பைப்ரோமயால்ஜியாவின் குறிகளே இருந்தன. நெருப்பு அணைந்த பின்னும் எச்சரிக்கை மணி நிற்காமல் அடித்துக்கொண்டிருப்பதற்கு இதை ஒப்பிடலாம்.

அந்தக் காய்ச்சல் வந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதையும் மறக்கலாகாது. 2004 திசம்பர் 26ஆம் நாள் கிழக்குக் கரையைக் கடல் கொண்டது. இலங்கையில் முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். நிலாவெளி உட்படத் திருகோணமலைக் கரையூர்கள் பல அழிந்தன. வீடு திரும்பக் கட்டி முடியுமுன்னரே, மாவிலாற்றுப் பக்கத்திலே போர் மூண்டு, 2006 ஓகத்தில் மூதூர் மக்கள் ஊரைவிட்டு நடந்தார்கள். அதற்கும் முன்னரே பல ஆண்டுகளாக இம்மாவட்டம் சாவையும் இடப்பெயர்வையும் கண்டிருந்தது. ஈழத்திலே போரின் உளக்காயங்களை ஆராய்ந்த மனநல வைத்தியர் தயா சோமசுந்தரம், 1998இல் வெளிவந்த தம்முடைய நூலிலே, தமிழ் மக்களிடம் அக்காயம் உடலின் முறைப்பாடாக, நோவாகவும் களைப்பாகவும் வெளிப்படுவதை விரிவாக எடுத்துக்காட்டினார். மகனை இழந்த தாய் வைத்தியரிடம் வந்து துக்கம் என்று சொல்வதில்லை. உடம்பு உளைகிறது என்கிறாள். இது ஏமாற்றுமன்று, அறியாமையுமன்று. அவளுக்கு உண்மையாகவே உளைகிறது.

உண்மையாகவே என்பதற்கு இப்போது சான்று உண்டு. 2002இல் அமெரிக்காவிலே ரிச்சர்ட் கிரேசிலியும் கூட்டாளிகளும் பதினாறு நோயாளிகளையும் பதினாறு சுகதேகிகளையும் காந்த ஒளிப்பட இயந்திரத்திலே கிடத்தி, இடக்கைப் பெருவிரல் நகத்தை மெல்ல அழுத்தி, மூளையைப் படம் பிடித்தார்கள். சுகதேகிக்கு நோவை உண்டாக்கிய விசையில் ஏறத்தாழப் பாதியே நோயாளிக்கு அதேயளவு நோவை உண்டாக்கியது. அவர் வாயாற் சொன்னதை மூளையும் சொன்னது. நோவை உணரும் பகுதிகள் அவ்வாறே ஒளிர்ந்தன. மூளைக்கும் முள்ளந்தண்டுக்கும் உரிய நீரிலே நோவைக் கடத்தும் பொருளொன்று சுகதேகிகளிடம் உள்ளதைப் போல இருமடங்கு மும்மடங்காக இருப்பதும் அதற்கு முன்னரே கண்டறியப்பட்டிருந்தது. 2013இல் வெவ்வேறு நாட்டு ஆராய்ச்சியாளர்கள் சில நோயாளிகளின் தோலிலே மெல்லிய நரம்பிழைகள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். 2021இல் இலண்டன், லிவர்பூல், சுவீடன் ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து, நோயாளிகளின் குருதியிலுள்ள எதிர்ப்பொருளை எலிகளுக்குச் செலுத்தியபோது அந்த எலிகளின் உடல் அழுத்தத்துக்கும் குளிருக்கும் நோகத் தொடங்கியது. எலிக்கு வேலைக்கள்ளம் தெரியாது. இவை இன்னும் முடிந்த முடிபுகளல்ல. எல்லா நோயாளிகளுக்கும் இவை பொருந்துமென்றும் சொல்வதற்கில்லை. நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேர்வரை இந்நோயுள்ளவர் என்பது உலகக் கணிப்பு. வங்காளதேசத்திலே நாட்டுப்புறத்திலும் சேரியிலும் செல்வர் பகுதியிலும் எடுத்த கணக்கும் ஏறக்குறைய இந்த அளவையே காட்டிற்று. ஆகவே இதைச் செல்வர் வீட்டு நோயென்று ஒதுக்கவும் இயலாது.

மருந்தைப் பற்றிச் சொல்லவேண்டியது சிறிதே. வீக்கத்தை அடக்கும் குளிசைகள் இதற்கு அதிகம் உதவா, வீக்கமே இல்லையே. உறக்கத்தைச் சீராக்கும் சில மருந்துகள் சிலருக்குப் பயன் தருகின்றன. சிறிது சிறிதாகக் கூட்டப்படும் நடையும் உடற்பயிற்சியுமே மருந்தைவிட உறுதியான பயன் தருவன என்று ஐரோப்பிய வைத்தியர் கழகம் 2016இல் ஆய்ந்து முடிவு கூறியது. வெந்நீராடலுக்கும் அவர்கள் இடங்கொடுத்தார்கள். திருகோணமலையார் அதற்குத் தொலைதூரம் போகவேண்டியதில்லை. அனுராதபுர வீதியை ஒட்டிய கன்னியாவிலே ஏழு வெந்நீர்க் கிணறுகள் இருக்கின்றன. இராவணன் தன் தாயின் ஈமக்கடனுக்காக நிலத்திலே ஊன்றியதால் ஊறிய நீர் என்பது கதை. ஈமக்கடன் செய்வோரோடு நாரி பிடித்தவர்களும் உளைவுகண்டவர்களும் அங்கே தலைமுறைகளாக நீராடியிருக்கிறார்கள். துக்கத்தைக் கழுவ வந்தவரும் நோவைக் கழுவ வந்தவரும் ஒரே கிணற்றில் அள்ளி வார்த்தார்கள். சல்லிக்கு அண்மையிலுள்ள கோணேசபுரியிலே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் இன்று சித்த வைத்தியம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கப்படுகிறது. எண்பது வாதமும் அங்கே பாடம்; புதிய நூல்களும் கைக்கெட்டும் தூரத்திலே இருக்கின்றன.

1990ஆம் ஆண்டின் பதினெட்டு இடக் கணக்கை வகுத்த குழுவின் தலைவர் பிரெடெரிக் வூல்வ் என்பவர். அந்தக் கணக்கின்மீது பின்னாளில் ஐயங்கொண்டவர்களுள் முதன்மையானவரும் அவரே. 2010இல் அவரும் கூட்டாளிகளும் அதைத் திருத்தி அமைத்தார்கள். புதிய முறையிலே வைத்தியர் விரலால் அழுத்திப் பார்ப்பது நின்றது. உடல் பத்தொன்பது பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, சென்ற வாரத்திலே எவ்வெப் பகுதி நொந்தது என்று நோயாளியிடமே கேட்கப்படுகிறது. தாடை, தோள், மேற்கை, கீழ்க்கை, நெஞ்சு, வயிறு, முதுகு, நாரி, இடுப்பு, தொடை, கணைக்கால் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எண்ணுகிறார்கள். விடியும்போது களைப்பு நீங்கி எழும்புகிறாரா, நினைவு தடுமாறுகிறதா என்றும் கேட்டுக் குறிக்கிறார்கள். 2016இல் மேலும் சிறிது திருத்தப்பட்ட இம்முறையே இப்போது வழக்கிலுள்ளது. "எங்கே நோகிறது?" என்ற கேள்விக்கு "உடம்பெல்லாம்" என்று சொன்னவளுடைய பதிலை, இம்முறையின்படி, வைத்தியர் தாளிலே எழுதிக்கொள்ளவேண்டும்.